பதினேழாம் நம்பர் கிழங்கு

அறுபத்து நாலு. எந்தப் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினாலும் விரல் அங்கேதான் போய் நிற்கிறது. மணி ரெண்டு ஆகப் போகிறது. நாலு மணிக்கு சச்சியின் மனைவி வேதவல்லி வருவார். அதற்குள் இந்த ஆர்டர் படிவத்தை நிரப்பிவிட்டால் அவரிடம் என்ன சொல்வது என்பதும் தானாகவே முடிவாகிவிடும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், நினைத்துக்கொண்டே மூன்று டீ குடித்தாயிற்று, மூன்றாவது டம்ளரில் ஆடை படிந்து கிடக்கிறது. மேஜைமேல் ரெண்டு கேட்டலாக். ஒன்று இமாச்சலத்து நர்சரியுடையது, மெல்லிசு, படம் கம்மி, பேரும் நிறமும் உயரமும் மட்டும். இன்னொன்று கலிம்போங்கிலிருந்து வருவது, ஐரிஸ் பூச்செடி தவிர வேறு எதையும் வளர்க்காத குடும்பம், வழவழவென்று தாள், திறந்தால் மை வாசனை. அதில்தான் அறுபத்து நாலாம் நம்பர் பூ. மேலே நிமிர்ந்து நிற்கிற மூன்று இதழும் பால் குறைந்த காபி நிறம், கீழே தொங்குகிற மூன்றும் கத்திரிக்காய்த் தோல் நிறம், அந்தத் தொங்குகிற இதழின் ஓரத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு சாம்பல் கோடு. சச்சி வளர்த்த பதினேழாம் நம்பருக்கும் அப்படித்தான். பதினேழுக்கும் அதே காபி, அதே கத்திரி, அதே கோடு. தாடிதான் வேறு. தொங்கும் இதழின் தொண்டையில் புழு மாதிரி ஒரு மயிர்க்கற்றை இருக்கும், அதைத் தாடி என்பார்கள். பதினேழுக்குத் தாடி நல்ல ஆரஞ்சு, செங்கல் பொடி தூவிய ஆரஞ்சு. இதற்கு மஞ்சள். வெறும் மஞ்சள். வேதவல்லிக்கு ரெண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனை அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் அவருக்கு என்ன வித்தியாசம் தெரிந்துவிடப் போகிறது என்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது நினைத்தேன், நினைத்த உடனே தட்டைத் தள்ளிவைத்தேன். ஆனால் நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான்.

நேற்று போனில் அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அண்ணா, பதினேழாம் நம்பரை ஆவணி மாசத்துக்குள்ள நட்டாத்தானே அடுத்த வருஷம் பூக்கும்? அவர் அப்படித்தான் சொல்வாரு. நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன், அதைப் பார்த்துட்டு, அப்படியே புதுசா நாலு கிழங்கு ஆர்டர் போடணும், கேட்டலாக்கெல்லாம் எடுத்து வைங்க. பாத்தி காலியாவே கிடக்குது, பார்க்க முடியல" என்றார். சரிங்க என்றேன். சரிங்க. இருபத்தெட்டு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன் வாயில் வேறென்ன வரும். எதைக் கேட்டாலும் முதலில் சரிங்க, அப்புறம்தான் யோசனை. பாத்தி காலியாகக் கிடக்கிறது என்றால் மண்ணைக் கொத்தி ஆற விட்டிருக்கிறார் என்று அர்த்தம், அழுகியதையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறார், தானே அள்ளினாரோ ஆள் வைத்து அள்ளினாரோ, அந்த நாற்றத்தில். ஐரிஸ் கிழங்கு அழுகினால் வருகிற நாற்றம் வேறு எதற்கும் வராது. கையில் பிசுபிசுவென்று ஒட்டும், சோப்புப் போட்டாலும் போகாது. நான் கையில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அவர்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றபோதே அந்த நாற்றம். இப்போதும் இந்த அறைக்குள் லேசாக வருகிற மாதிரி இருக்கிறது. இல்லை, அது ஜன்னல் கட்டை. மூடுபனி ரெண்டு நாளாக விலகவில்லை, கோத்தகிரியில் ஆனி மாதம் என்றால் மரமெல்லாம் ஊறிப் போகும். ஜன்னலுக்கு வெளியே என் சொந்தப் பாத்திகூடத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதும் நல்லதுதான்.

சச்சிதானந்தத்தை எனக்குத் தெரிந்ததே இந்தக் கேட்டலாக்கால்தான். நான் இங்கே போஸ்ட்மாஸ்டராக வந்த வருஷம், உறை கிழிந்த ஒரு புத்தகம் வந்தது, பேர் சச்சிதானந்தம், மின்வாரிய இன்ஜினியர். கிழிசலுக்குள் ஒரு ஊதாப் பூ தெரிந்தது. டெலிவரிக்கு அனுப்பாமல் ஒரு நாள் பூராவும் என் மேஜையில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் அவரே கவுண்டருக்கு வந்தார், உயரமாக, காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு. பார்த்து முடிச்சாச்சுங்களா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குக் கூப்பிட்டார். அதிலிருந்து இருபத்து ரெண்டு வருஷம். ஒவ்வொரு ஆனியிலும் ரெண்டு பேரும் ரெண்டு பென்சிலோடு உட்காருவோம். அவர் சிவப்புப் பென்சில், நான் நீலம். ஒரே பூவில் ரெண்டு பேரும் குறி போட்டிருந்தால் அதை ஒருவர் மட்டும்தான் வாங்குவது, அடுத்த வருஷம் பெருகினதும் வெட்டிப் பாதி கொடுப்பது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத எனக்கு வருஷத்தில் ஒரு நாள் பண்டிகை உண்டு என்றால் அது இதுதான். வேதவல்லி பஜ்ஜி கொண்டுவந்து வைத்துவிட்டு, இதெல்லாம் ஒரே பூவாத்தானே இருக்குது என்பார். இல்ல வேதா, நல்லா பாரு என்று சச்சி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். வாங்குவது மட்டும் போதாது என்று அவர்தான் முதலில் மகரந்தம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு பூவின் பொடியை இன்னொரு பூவில் தடவி, காய் பிடித்து, விதை எடுத்து, விதைத்து, மூன்று வருஷம் காத்திருந்தால் ஒரு பூ. பிடிக்கவில்லையென்றால் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. எட்டு வருஷத்தில் அவருக்குத் தேறியது ஒன்றே ஒன்று, பதினேழாவது நாற்று. நானும்தான் தேய்த்தேன். எனக்கும் வருஷத்துக்கு இருபது நாற்று வந்தது, எல்லாம் துவைத்துக் காயப்போட்ட துணி நிறம். போன வருஷம் ஒன்றுமட்டும் கொஞ்சம் பரவாயில்லை என்று நினைத்து அவரை அழைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், நிமிர்ந்து, "நல்லாத்தான் இருக்கு நேசன்" என்றார். நல்லாத்தான். நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். நன்றாக இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம், ரெண்டு பேரும் சிரித்துவிட்டுப் பிடுங்கிப் போட்டிருப்போம். அந்தத் 'தான்'. ஒரு மனுஷன் இருபத்து ரெண்டு வருஷ சிநேகத்தில் எத்தனை ஆயிரம் வார்த்தை சொல்லியிருப்பார், எனக்கு இந்த ஒன்றுதான் நிற்கிறது, அதுவும் அதில் பாதிதான் நிற்கிறது. அதே வாரம் மலர்க் கண்காட்சிக்குப் பதினேழைத் தொட்டியில் கொண்டுபோனார். ஜனங்கள் கூடி நின்று போட்டோ எடுத்தார்கள். தூறல் விழுந்ததால் பூவுக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நான் நின்றேன். போட்டோவில் என் கை மட்டும் விழுந்திருக்கிறது.

ஆனால் அதனால்தானா. இங்கேதான் ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றுவிடுகிறது. ஐப்பசி முதல் வாரம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்று கோயம்புத்தூரில் பைபாஸ் செய்யத் தேதி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். அதற்கு முதல் நாள் என்னைப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேல்வீட்டுக்காரர் ஷெட் கட்ட சரிவை வெட்டியிருந்தார், மழை பிடித்தால் தண்ணீர் முழுக்க இந்தப் பாத்தியில்தான் வந்து நிற்கும். "மழைக்கு முன்னாடி எடுத்து உங்க வீட்டுல காய வெச்சிடுங்க நேசன். மத்தது போனாலும் போகட்டும். பதினேழை மட்டும் விட்டுறாதீங்க. வேற எங்கயும் இல்ல அது, இந்த ஒரு தூர்தான். பெருகினதும் அடுத்த வருஷம் உங்களுக்கு ஒரு துண்டு" என்றார். சரிங்க என்றேன். திங்கட்கிழமை முழங்கால் வலி. நிஜமான வலிதான், தைலம் தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை வானம் வெளுப்பாக இருந்தது, அவசரமில்லை என்று தோன்றியது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கொத்தும் சாக்கும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த நேரத்தில் அங்கே அவர் நெஞ்சைத் திறந்து வைத்திருந்தார்கள். கேட்டில் பூட்டு இல்லை, வெறும் கொண்டிதான். கொண்டிமேல் கை வைத்தேன், இரும்பு சில்லென்று இருந்தது. பாத்தி நேராகத் தெரிந்தது, வாள் மாதிரி இலைகள், பதினேழு என்று அவர் கையெழுத்தில் தகடு. பத்து நிமிஷ வேலை. முதல் துளி என் புறங்கையில் விழுந்தது. குடை எடுத்து வரவில்லையே என்று நினைத்தேன். அது நினைவிருக்கிறது, குடையை நினைத்தது நிச்சயம். அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது, ஆனால் அது வார்த்தையாக இருக்கவில்லை. பிரார்த்தனைக்குக் கண்ணை மூடும்போது வரக்கூடாத ஒரு சிரிப்பு உள்ளே புரளுமே, அந்த மாதிரி. திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்தேன். ஒன்பது நாள் மழை விடவில்லை. பத்தாம் நாள் போனபோது கேட்டுக்கு வெளியேயே நாற்றம்.

அவர் பிழைத்து வந்தார். அதுதான் நான் எதிர்பார்க்காதது. எதிர்பார்க்காதது என்றா சொல்கிறேன், ஆண்டவரே. வந்தால் கேட்பார் என்று பயந்தேன், அவ்வளவுதான், அவர் வரக்கூடாது என்று ஒருநாளும் நினைக்கவில்லை, அதை மட்டும் நினைக்கவில்லை. கார்த்திகையில் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார், கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகப் பாத்தி. பார்த்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் வேதவல்லி கஞ்சியோடு உள்ளே வந்து, "வெளிய எல்லாம் அழுகிக் கிடக்குதே, அந்தப் பதினேழும் போயிருச்சா?" என்று பொதுவாகக் கேட்டார். சச்சி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அது நேசன்கிட்ட பத்திரமா இருக்கு" என்றார். நான் மறுக்கவில்லை. கஞ்சி டம்ளரை வாங்கி அவர் கையில் கொடுத்தேன், அதைச் செய்தேன். அதற்குப் பிறகு ரெண்டு மாதத்தில் ஏழெட்டு தடவை போயிருப்பேன். கிரிக்கெட் பேசினோம், காலில் வீக்கம் பற்றிப் பேசினோம். பதினேழு பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். என்னைக் காப்பாற்றினாரா, இல்லை, என் கழுத்தில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாரா. மாசியில் ஒருநாள் விடிகாலை போய்விட்டார். பாடை தூக்கும்போது நானும் தோள் கொடுத்தேன். பாத்தியைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

மூன்றே கால். சரி. திட்டம் இதுதான். பதினேழு இங்கே இல்லை, நம் மண் ஈரம் சேராது என்று குன்னூரில் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், ஆவணியில் வரும் என்று சொல்வது. ஆவணியில் கலிம்போங் பார்சல் வரும். அறுபத்து நாலைப் பிரித்தெடுத்து, நானே கொண்டுபோய் நட்டுக் கொடுப்பது. தகட்டில் பதினேழு என்று எழுதுவது. அறுபத்து நாலு, மூன்று கிழங்கு என்று படிவத்தில் எழுதினேன். எழுதிவிட்டேன், பேனா நன்றாகத்தான் ஓடுகிறது. யாருக்கு இதில் நஷ்டம். ஒரு அம்மாவுக்குப் புருஷன் வளர்த்த பூ கிடைக்கிறது. உண்மையில் அது அவர் வளர்த்த பூ இல்லை என்பது யாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்து எத்தனையோ இருக்கிறது. அடுத்த சித்திரையில் அது பூக்கும், அவர் அதன் முன்னால் நிற்பார், அழுவார், நானும் நிற்பேன். அதற்கடுத்த சித்திரையிலும். படிக்கட்டில் செருப்புச் சத்தம். இன்னும் நாலு ஆகவில்லையே.

"சீக்கிரம் வந்துட்டேன்ணா. பஸ் உடனே கிடைச்சிருச்சு" என்று சால்வையிலிருந்து பனித்துளியைத் தட்டியபடி வேதவல்லி உள்ளே வந்தார். மெலிந்திருந்தார். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். டீ போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். "முதல்ல அதைக் காட்டுங்க. எங்க வெச்சிருக்கீங்க, தொட்டியிலயா?"

"அது இங்க இல்லீங்க" என்றேன். அடுத்த வாக்கியம் குன்னூர். குன்னூர் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

அவர் அவசரப்படவில்லை. "எங்க இருந்தாலும் சரி. நான் ஒண்ணு சொல்லணும்ணா. எனக்குக் கண்ணு இப்ப ரொம்ப மங்கலாயிருச்சு. அது பூக்கறப்ப நீங்க பக்கத்துல இருக்கணும். அவர் சொன்ன அதே காபி கலர், அதே கோடு, எல்லாம் சரியா வந்திருக்கான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். நீங்க சொன்னா எனக்குப் போதும்."

நீங்க சொன்னா போதும். ஒவ்வொரு சித்திரையும் அந்தப் பாத்தி முன்னால் என்னை நிறுத்தி வைத்து, அதேதானா அண்ணா என்று கேட்பார். ஒவ்வொரு சித்திரையும் நான் சொல்ல வேண்டும். எழுபது வயசு, எண்பது வயசு வரை சொல்ல வேண்டும். அதைத் தூக்க முடியாது என்று என் உடம்புக்கு முதலில் தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"அது எங்கயும் இல்லீங்க. அழுகிப் போச்சு. நான் எடுக்கல."

"மழையிலயா?"

"மழைக்கு முன்னாடி மூணு நாள் இருந்துச்சு. புதன்கிழமை வந்தேன். கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"ஏன்?"

முழங்கால், குடை என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றும் உதவவில்லை. "அவர் பூ என் பூவைவிட நல்லா இருந்துச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் அது அவ்வளவு சின்ன விஷயம் என்று தெரிந்தது. ஒன்பது மாதமாக நான் சுற்றி வந்தது இந்த ஒரு வரியைத்தான்.

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. மடியில் கை ரெண்டையும் கோத்துக்கொண்டிருந்தார். "அப்ப அவர் பத்திரமா இருக்குன்னு சொன்னது?" என்றார்.

"அவருக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

"தெரியும்" என்று திருப்பிச் சொன்னார். "தெரிஞ்சுதான் தினமும் சொல்லிட்டிருந்தாரா. கால் வீங்கி, மூச்சு வாங்கிட்டுக் கிடக்கறப்பக்கூட, வேதா, அது பூத்தா நீ பார்ப்பே, நான் இல்லேன்னாலும் நீ பார்ப்பேன்னு. அவர் போனதுக்கப்புறம் இந்த அஞ்சு மாசமும் நான் அதை நினைச்சுத்தான் காலையில எந்திரிச்சேன்." குரல் உயரவில்லை. கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். லேசாகவில்லை. என்னிடம் இருந்ததை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான். சச்சி அவருக்கென்று விட்டுப்போனது ஒரு பொய்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் காலையில் எழுந்திருந்தார். அதையும் நானே அழிய விட்டேன். சொல்லாமல் இருந்திருந்தாலும் தப்பு, சொன்னதும் தப்பு. எதையாவது சரியாகச் செய்ய ஒரு நேரம் இருந்தது, அது புதன்கிழமை காலை பதினோரு மணி.

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மேஜைமேலிருந்த கேட்டலாக்கை இழுத்து, குறி போட்டிருந்த பக்கத்தைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனார். மூக்கு தாளில் இடித்தது. படத்தை விரலால் தடவினார். பிறகு படிவத்தையும் அதேபோல் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நான் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். கேட்டலாக்கைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகியது.

"இதை அடிச்சிருங்க" என்றார்.

அடித்தேன்.

"வெள்ளை இருக்கா? வேற எந்தக் கலரும் கலக்காத வெள்ளை."

இருந்தது. முப்பத்தொன்று, தாடிகூட வெள்ளை. உயரம் மூன்றடி. படித்துக் காட்டினேன், என் குரல் கவுண்டரில் மணியார்டர் படிவம் படித்துக் காட்டுகிற குரலாக இருந்தது. நாலு என்றார். நாலு என்று எழுதினேன். பேர் அவர் பேரிலேயே போடச் சொன்னார். முகவரியைச் சொல்லத் தொடங்கினார், எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"பார்சல் வீட்டுக்கே வரட்டும். நட நீங்க வர வேண்டாம்ணா. எப்படி நடறதுன்னு மட்டும் ஒரு தாள்ல பெரிசா எழுதிக் குடுங்க."

முழுத்தாள் எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு விரல் உயரத்துக்கு எழுதினேன். மேட்டுப் பாத்தி. தண்ணீர் நிற்கக் கூடாது. வேர் மண்ணுக்குள், கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும். அவர் அதைக் கண்ணருகே வைத்துப் படித்துவிட்டு, மேலே மண் போட்டு மூட வேண்டாமா, மழையில் கெட்டுப்போகாதா என்று கேட்டார். மூடக் கூடாது, மூடினால்தான் கெடும் என்றேன். சரி என்று தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

எழுந்தார். வழக்கமாகச் சாலை வரை நான் போய், படியில் கை கொடுத்து இறக்கிவிட்டு வருவேன், என் வீட்டுப் படி கல்படி, பாசி பிடித்தது, பனியில் வழுக்கும். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். "இருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கதவைத் தானே திறந்தார், பனி உள்ளே வந்தது, அவர் வெளியே போனார். ரெண்டு எட்டில் உருவம் தெரியவில்லை. உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். செருப்பு ஒவ்வொரு படியாகத் தேடித் தேடி இறங்கியது. ஒன்று. ரெண்டு. மூன்று. நாலாவது படியில் சத்தம் நின்றுவிட்டது. விழுந்திருந்தால் சத்தம் வந்திருக்கும். ரெண்டு கையையும் மேஜைமேல் ஊன்றியபடி நான் எழுந்திருக்கவும் இல்லை, உட்கார்ந்திருக்கவும் இல்லை. வெளியே யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம், ஒரு தடவைதான். பிறகு செருப்பு மறுபடியும் இறங்கத் தொடங்கியது.